சாய்ந்த எழுத்து ஏன் ஓடுவது போலத் தெரிகிறது?

பைக்கின் பெட்ரோல் டேங்க், கூரியர் வேனின் பக்கவாட்டு, எனர்ஜி டிரிங்க் டப்பா, ஸ்போர்ட்ஸ் ஷூ பெட்டி, கார் ரேஸ் வீடியோ கேமின் முகப்பு. இந்த அஞ்சிலும் ஒரே ஜாடையில் ஒரு ஆங்கில எழுத்தைப் பார்த்திருப்பீங்க. முனையில் சின்னக் கால் எதுவும் இருக்காது. ஓ எழுத்து வட்டமாக இல்லாமல், மூலை உருண்ட சதுரமாக இருக்கும். மொத்த வார்த்தையும் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். பார்த்ததுமே "வேகம்", "நவீனம்", "நாளைய உலகம்" என்று மனசு மொழிபெயர்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கு. எழுத்து என்பது நகராத ஒரு கோட்டு வடிவம். அதைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்த்ததும் அது ஓடுகிறது என்று நம் கண் ஏன் நம்புகிறது? சாய்ப்பது என்பது அவ்வளவு சுலபமான வேலையா, வேர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்துவிடுமா? இந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருந்தேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். "எதிர்கால எழுத்து" என்று நாம் நினைப்பதில் இரண்டு தனித்தனிச் சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று சாய்வு. இன்னொன்று மூலை உருண்ட சதுரம். இரண்டும் வெவ்வேறு இடத்தில் பிறந்து பின்னால் சேர்ந்தவை.

இத்தாலிக் முதலில் வேகத்துக்காக வந்ததில்லை

சாய்வெழுத்துக்கு "இத்தாலிக்" என்று பெயர் வந்ததே அது இத்தாலியில் பிறந்ததால்தான். வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501-இல் வெர்ஜிலின் கவிதைகளைக் கைக்கடக்கமான சின்னப் புத்தகமாகப் போட்டார். அதற்கான எழுத்தை வெட்டிக் கொடுத்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அன்றைய படித்தவர்கள் கையால் எழுதிய ஓட்டமான எழுத்தைப் பார்த்துச் செய்தது அது. சின்ன எழுத்துக்கள் மட்டும்தான் சாய்ந்திருந்தன, பெரிய எழுத்துக்கள் நிமிர்ந்தே நின்றன. முழுப் புத்தகமும் அந்த எழுத்திலேயே அச்சானது. நடுவில் ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்ல மட்டும் இத்தாலிக் போடுவது பின்னால் வந்த வழக்கம்.

ஆக, முதல் இத்தாலிக்கில் இருந்த சாய்வு கையெழுத்தின் சாய்வு. பேனா பிடித்த வலது கை இயல்பாகப் போகும் திசை அது.

அடுத்து சான்ஸ் செரிஃப். எழுத்தின் முனைகளில் வரும் சின்னக் கால்களுக்கு செரிஃப் என்று பெயர், அவை இல்லாதது சான்ஸ் செரிஃப். அச்சு எழுத்தாக அது முதலில் தென்படுவது 1816 வாக்கில், லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரிப் புத்தகத்தில். அதுவும் பெரிய எழுத்துக்கள் மட்டும்.

சான்ஸ் செரிஃபில் பேனாவின் தடயமே கிடையாது. கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே தடிமன். அதற்கு ஒரு இத்தாலிக் வேண்டும் என்றபோது வடிவமைப்பாளர்கள் இரண்டு வழியில் போனார்கள். எரிக் கில் 1920-களின் கடைசியில் செய்த கில் சான்ஸ் எழுத்துருவின் இத்தாலிக்கில் கையெழுத்தின் ஞாபகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏட்ரியன் ஃப்ருட்டிகர் 1957-இல் கொண்டுவந்த யூனிவர்ஸில் அந்த ஞாபகம் இல்லை. நிமிர்ந்த எழுத்து எதுவோ, அதையே 16 டிகிரி சாய்த்துச் சீர்செய்தார். இந்த இரண்டாவது வகைக்கு "ஆப்ளிக்" என்று பெயர்.

கையெழுத்தின் ஞாபகத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சாய்வு. அர்த்தம் இல்லாமல் காலியாக நிற்கும் அந்தச் சாய்வுக்குப் புது அர்த்தம் கொடுக்க முடியும். அப்படிக் கொடுத்ததில் கேமராவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேமரா சொன்ன பொய்

பிரான்ஸில் ஜாக் ஆன்ரி லார்டீக் என்ற இளைஞர் 1910-களின் தொடக்கத்தில் ஒரு கார் பந்தயத்தைப் படம் பிடித்தார். புகைப்பட வரலாற்றில் ரொம்பப் பிரபலமான படம். காரின் பின்சக்கரம் வட்டமாக இல்லை. முட்டை வடிவமாகி முன்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. பின்னால் நிற்கும் ஜனங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்தாலே கார் சீறிக்கொண்டு போவது போல இருக்கும்.

நடந்தது இதுதான். அந்தக் காலக் கேமராவின் ஷட்டர் மொத்தப் படத்தையும் ஒரே கணத்தில் பதியாது. ஒரு குறுகலான பிளவு மெதுவாக நகரும். காட்சியின் கீழ்ப்பகுதி முதலில் பதியும், மேல்பகுதி கொஞ்சம் தாமதமாகப் பதியும். சக்கரத்தின் அடி பதிந்து, உச்சி பதிவதற்குள் கார் சற்று முன்னால் போய்விடுகிறது. அதனால் உச்சி முன்னால் தள்ளித் தெரிகிறது. லார்டீக் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்ததால், நின்றுகொண்டிருந்தவர்கள் கேமராவைப் பொறுத்தவரை பின்னால் போனார்கள், அதனால் எதிர்த்திசையில் சாய்ந்தார்கள்.

இதை நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து பக்கத்தில் இருக்கும் மின்கம்பத்தை மொபைலில் எடுங்க. கம்பம் சாய்ந்து வரும். மொபைல் சென்சாரும் படத்தை வரிவரியாகத்தான் படிக்கிறது.

பந்தயக் கார் என்றால் முன்னால் சாய்ந்த சக்கரம் என்று வரைவது கார்ட்டூன்காரர்களுக்கும் போஸ்டர் வரைபவர்களுக்கும் பழகிப்போன குறியீடாகிவிட்டது. ஓடும் மனிதனும் முன்னால் சாய்ந்துதான் ஓடுகிறான் என்பதும் சேர்ந்துகொண்டது. நிஜத்தில் எந்தக் கார் சக்கரமும் அப்படிச் சாய்வதில்லை. ஆனால் கேமராவின் அந்தக் குறையை நாம் வேகத்தின் அடையாளமாக ஏற்றுக்கொண்டோம்.

ப்ரோகிராம் எழுதுபவனுக்கு இதில் இன்னொரு சுவாரஸ்யம் இருக்கு. "உயரம் கூடக் கூட வலப்பக்கம் அதிகமாகத் தள்ளு" என்பதுதான் அந்த ஷட்டர் செய்த வேலை. கணினி ஒரு எழுத்தைச் சாய்க்கும்போது செய்வதும் அட்சரம் பிசகாமல் அதே வேலைதான். ஒரு சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து, மேல்சீட்டை அதிகமாகவும் கீழ்ச்சீட்டைக் குறைவாகவும் பக்கவாட்டில் தள்ளுவது போல. கணிதத்தில் இதற்கு ஷியர் என்று பெயர்.

வண்டி போகும் திசையா, கண் போகும் திசையா?

ஒரு ஆம்னி பஸ்ஸின் இரண்டு பக்கத்திலும் கம்பெனி பெயர் சாய்வெழுத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலது பக்கம் நின்று பார்த்தால் பஸ்ஸின் முகம் நமக்கு வலப்புறம் இருக்கும். எழுத்தும் வலப்புறம் சாயும். பஸ்ஸோடு சேர்ந்து முன்னால் பாய்வது போல இருக்கும், சரி. இப்போது இடது பக்கம் வாங்க. பஸ்ஸின் முகம் இடப்புறம் இருக்கிறது. எழுத்து மட்டும் அப்போதும் வலப்புறமே சாய்கிறது. அதாவது பஸ் முன்னால் போகிறது, எழுத்து பின்னால் சாய்கிறது, திடீர் பிரேக் போட்டது போல.

நம் ஊரில் வண்டி சாலையின் இடது பக்கம் போகிறது. அதனால் நடைபாதையில் நிற்பவர் பார்ப்பது பெரும்பாலும் வண்டியின் இடது பக்கத்தைத்தான், அதாவது "பின்னால் சாயும்" பக்கத்தை. ஆனாலும் யாருக்கும் அது உறுத்துவதில்லை. ஏன்?

சாய்வு வேகமாகத் தெரிவது வண்டியோடு சேர்ந்து அல்ல, படிக்கும் கண்ணோடு சேர்ந்து. ஆங்கிலமோ தமிழோ இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். எழுத்து அதே பக்கம் சாய்ந்தால் கண்ணோடு சேர்ந்து ஓடுகிறது. இதற்கு மறுபக்கத்திலிருந்து ஒரு சாட்சி உண்டு. பாரசீக மொழி வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதற்காக ஈரானிய அறிஞர் குலாம்ஹுசைன் முசாஹிப் இடப்பக்கம் சாயும் ஒரு எழுத்து வடிவத்தைக் கொண்டுவந்தார். பெயர் "ஈரானிக்". இத்தாலிக் போலவே ஊர்ப்பெயரில் வந்த பெயர், சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம்.

மூலை உருண்ட சதுரம்

இனி இரண்டாவது சரக்கு. இதன் ஊர் இத்தாலியின் துரின். கார்களுக்குப் பேர்போன நகரம். அங்கே நெபியோலோ என்ற எழுத்து வார்ப்பாலையில் அலெஸாண்ட்ரோ புட்டி, ஆல்டோ நோவரேஸே இருவரும் 1952-இல் மைக்ரோகிராமா என்ற எழுத்துருவைக் கொண்டுவந்தார்கள். பெரிய எழுத்துக்கள் மட்டும். அதில் ஓ எழுத்தைப் பார்த்தால் அந்தக் காலத்து டிவித் திரை ஞாபகம் வரும். நான்கு பக்கமும் கிட்டத்தட்ட நேர்க்கோடு, மூலைகள் மட்டும் உருட்டி விட்டது. பத்து வருஷம் கழித்து, 1962-இல், நோவரேஸே சின்ன எழுத்துக்களும் சேர்த்து அதை யூரோஸ்டைல் ஆக்கினார்.

அதே காலத்தில் இந்த வடிவம் வேறு இடத்திலும் முளைத்தது. ஸ்டாக்ஹோமில் செர்கல்ஸ் டோர்க் சதுக்கத்துக்கு ஒரு ரவுண்டானா வடிவம் தேவைப்பட்டது. 1959-இல் டென்மார்க்கின் பியட் ஹைன் அதற்கு ஒரு தீர்வு சொன்னார். நீள்வட்டத்தின் சமன்பாட்டில் 2 என்று வரும் அடுக்கை 2.5 ஆக்கினார். வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல் நடுவில் ஒரு வடிவம் கிடைத்தது. நெபியோலோவில் கைக்கணக்கில் வரைந்ததற்கு நெருங்கிய உறவு இது. இன்று மொபைலில் ஆப் ஐகான்களைச் சுற்றி இருக்கும் ஓரமும் இந்தக் குடும்பம்தான்.

இந்த வடிவத்தை "எதிர்காலம்" ஆக்கியது சினிமா. 1968-இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்தில் ஹால் கணினியின் திரைகளில் யூரோஸ்டைல் வருகிறது. அதற்குப் பின்னால் வந்த எத்தனையோ விண்வெளிப் படங்களில் கப்பலின் கதவு, எச்சரிக்கைப் பலகை, கம்ப்யூட்டர் திரை எல்லாவற்றிலும் அதன் தடித்த அகன்ற வடிவம் தலைகாட்டியது. டேவ் ஆடி என்பவர் அறிவியல் புனைகதைப் படங்களின் எழுத்துக்களை ஃப்ரேம் ஃப்ரேமாக ஆராய்ந்து 2018-இல் ஒரு புத்தகமே போட்டார். சாதாரண எழுத்தை எதிர்கால எழுத்தாக்க அவர் கிண்டலாகச் சொல்லும் படிகளில் சாய்ப்பதும் ஒன்று.

சாய்த்தால் என்ன ஆகிறது: கொஞ்சம் கணக்கு

இப்போது பட்டனை அமுக்கும் கதைக்கு வருவோம். இணைய உலாவியில் சாய்வெழுத்து கேட்கிறோம், ஆனால் அந்த எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லை என்றால், உலாவி தானே சாய்த்துவிடும். சிஎஸ்எஸ் விதிகளில் கோணம் எதுவும் சொல்லாவிட்டால் 14 டிகிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 14 டிகிரி என்றால் 4 அலகு மேலே போனால் 1 அலகு வலப்பக்கம் தள்ளுகிறோம் என்று அர்த்தம். கணக்குக்கு வசதியான எண். ஒரு இருபது வரி பைத்தானில் போட்டுப் பார்த்தேன்.

எங்கும் ஒரே தடிமன் உள்ள வட்டமான ஓ எழுத்தை எடுத்துக்கொள்வோம், ஒரு வளையல் மாதிரி. அதை இப்படித் தள்ளினால் மேல்வலது, கீழ்இடது மூலைகளில் தடிமன் சுமார் 13 சதவீதம் கூடுகிறது. மேல்இடது, கீழ்வலது மூலைகளில் சுமார் 12 சதவீதம் குறைகிறது. தடித்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் 28 சதவீத வித்தியாசம். ஒரே தடிமன்தான் சான்ஸ் செரிஃபின் அழகு, அதுவே போச்சு. லார்டீக்கின் சக்கரத்துக்கு நடந்ததும் இதுதான்.

ஏ எழுத்து இன்னும் பாவம். உயரம் 700, அகலம் 600 என்று வைத்துக்கொண்டால், சாய்த்த பிறகு இடது கால் 10 சதவீதம் மெலிகிறது, வலது கால் 7 சதவீதம் தடிக்கிறது. இரண்டு காலும் வேறு வேறு எழுத்துருவிலிருந்து வாங்கி ஒட்டியது போல ஆகிவிடும். இசட் எழுத்தின் குறுக்குக் கோடு மெலிகிறது. எஸ் எழுத்தின் நடு முதுகு வீங்குகிறது. நிமிர்ந்த கோடுகள் 3 சதவீதம் மெலிகின்றன, படுக்கைக் கோடுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.

நல்ல எழுத்துரு வடிவமைப்பாளர் இதையெல்லாம் கையால் சரிசெய்கிறார். இயந்திரம் சாய்த்ததை அப்படியே விடாமல், ஓ எழுத்தின் வீங்கிய மூலையைச் செதுக்கி, மெலிந்த மூலைக்குச் சதை போடுகிறார். ஏ எழுத்தின் கால்களைச் சமன்செய்கிறார். வளைவுகளைக் கட்டுப்படுத்தும் புள்ளிகள் வளைவின் உச்சியில் இருக்க வேண்டியவை, சாய்த்ததும் அவை இடம் மாறிப்போயிருக்கும், திரும்ப உச்சியில் கொண்டுவந்து வைக்கிறார். எழுத்துக்களின் இடைவெளியையும் மறுபடி பார்க்கிறார். இத்தனையும் செய்தபின் பார்ப்பவருக்கு "சும்மா சாய்ச்சிருக்காங்க" என்று தோன்றும். அப்படித் தோன்றுவதற்குத்தான் அவ்வளவு வேலை.

ஒரு துணுக்கும் சொல்லிவிடுகிறேன். ஓப்பன்டைப் எழுத்துருக் கோப்பில் சாய்வுக் கோணம் எழுதி வைக்க ஒரு இடம் உண்டு. வலப்பக்கம் 12 டிகிரி சாய்ந்த எழுத்துக்கு அங்கே மைனஸ் 12 என்று இருக்கும், ஏனென்றால் கோணத்தைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அளக்கிறார்கள். சிஎஸ்எஸ்ஸில் அதே சாய்வு பிளஸ். 2016-இல் வந்த மாறும் எழுத்துரு வசதியில் சாய்வை ஒரு ஸ்லைடர் போல நகர்த்தலாம். அங்கேயும் இந்த மைனஸ் தொடர்கிறது. குறி மாறி எழுத்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் முதலில் இதைச் சரிபாருங்க.

சதுரம் ஏன் சாய்வுக்குப் பொருந்துகிறது

மேலே சொன்ன எண்களை மறுபடி பார்த்தால் ஒரு விஷயம் புரியும். சாய்க்கும்போது அதிகம் கெடுவது வளைவுகளும் குறுக்குக் கோடுகளும். நிமிர்ந்த கோடும் படுக்கைக் கோடும் கிட்டத்தட்டத் தப்பித்துவிடுகின்றன.

வட்டமான ஓ எழுத்தில் சுற்றளவு முழுக்க வளைவு, அதனால் சுற்றிலும் சேதம். யூரோஸ்டைல் மாதிரி மூலை உருண்ட ஓ எழுத்தில் பக்கங்கள் ஏறக்குறைய நேர்க்கோடு. சாய்த்தால் பக்கங்கள் ஒழுங்காகச் சாய்ந்துகொள்ளும், சேதம் நான்கு மூலைகளுக்குள் அடங்கிவிடும். அதிலும் மேல்வலது மூலை கூராகி முன்னால் நீட்டும், மேல்இடது மூலை மழுங்கிப் பின்னால் வழியும். முன்பக்கம் கூர், பின்பக்கம் வழிவு என்றால் அது கார் அல்லது விமானத்தின் உடல்வாகுதான். வட்ட எழுத்தில் குறையாகத் தெரிவது இங்கே அலங்காரமாகிவிடுகிறது. வேகமான எழுத்துக்களில் இந்த இரண்டு சரக்கும் அடிக்கடி ஜோடியாக வருவதற்கு இந்த வடிவியல் பொருத்தம் ஒரு நல்ல காரணம் என்பது என் எண்ணம்.

எங்கே பொருந்துகிறது

ஃபார்முலா 1-ஐ எடுத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த பழைய சின்னத்தில் கறுப்பு எஃப் எழுத்துக்கும் சிவப்புக் கோடுகளுக்கும் நடுவில் இருந்த வெற்றிடமே 1 என்ற எண்ணாக இருந்தது. 2017 நவம்பரில் அபுதாபி பந்தயத்தோடு அதை மாற்றினார்கள். புதியதில் ஒளித்துவைத்த எண் இல்லை, வழவழவென்று வலப்பக்கம் சாய்ந்த கோடுகள்தான் எஃப் ஆகவும் 1 ஆகவும் நிற்கின்றன. ரசிகர்கள் பலர் பழையதுதான் அழகு என்று சண்டை போட்டார்கள். ஆனால் இரண்டு சின்னத்திலும் மாறாதது சாய்வு.

எதிராக நாசாவைப் பாருங்க. 1975-இல் டேன் அண்ட் பிளாக்பர்ன் நிறுவனம் நாசாவுக்குச் செய்துகொடுத்த, "புழு" என்று செல்லப்பெயர் பெற்ற எழுத்துச் சின்னம் இன்றும் எதிர்காலமாகத் தெரிகிறது. ஏ எழுத்தில் குறுக்குக் கோடே கிடையாது, மூலைகள் உருண்டவை. ஆனால் துளியும் சாயவில்லை. 1992-இல் ஓரங்கட்டப்பட்டு, 2020-இல் ஃபால்கன் 9 ராக்கெட்டின் உடம்பில் திரும்பி வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சாய்வின் வேலை தெளிவாகும். உருண்ட மூலை "எதிர்காலம்" என்கிறது. சாய்வு "வேகம்" என்கிறது. மணிக்கு 28,000 கிலோமீட்டரில் பூமியைச் சுற்றும் கலங்களை அனுப்பும் நிறுவனத்துக்கு வேகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தேவை நிதானம், நம்பிக்கை. பந்தயம், கூரியர், விளையாட்டுச் சேனல், பேட்டரி, இன்டர்நெட் இணைப்பு விற்பவர்களுக்கு வேகமே சரக்கு. அவர்கள் சாய்க்கிறார்கள்.

எங்கே வைக்கக் கூடாது

இது ரசனைப் பிரச்சினை மட்டும் இல்லை. மூலை உருண்ட சதுர எழுத்துக்களின் பலவீனம், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பது. ஓ, டி, பூஜ்யம் மூன்றும் ஒன்றுபோல ஆகும். எஸ் எழுத்தும் 5-ம் குழப்பும். பி எழுத்தும் 8-ம் குழப்பும். பெரிய சைஸில், ஒரே ஒரு பெயராக இருக்கும்போது இது தெரியாது. சின்ன சைஸில், அவசரமாகப் பார்க்கும்போது தெரியும்.

அமெரிக்காவில் எம்ஐடியின் ஏஜ்லேப், மோனோடைப் எழுத்துரு நிறுவனத்தோடு சேர்ந்து இதைச் சோதித்தது. முடிவுகள் 2012-இல் வெளியாயின. கார் ஓட்டும் சிமுலேட்டரில் ஆட்களை உட்காரவைத்து, டேஷ்போர்டு திரையில் மெனுக்களை யூரோஸ்டைலிலும் ஃப்ருட்டிகர் எழுத்துருவிலும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஃப்ருட்டிகரில் எழுத்துக்களின் வாய்கள் நன்றாகத் திறந்திருக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் தனி முகம் இருக்கும். ஃப்ருட்டிகர் வைத்தபோது ஆண்கள் திரையைப் பார்க்கச் செலவிட்ட நேரம் 10.6 சதவீதம் குறைந்தது. பெண்களிடம் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சோதனையில் இருந்தது நிமிர்ந்த யூரோஸ்டைல். அதுக்கே இந்த நிலை. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். கண் சாலையை விட்டுத் திரையில் இருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் அந்த 28 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். எதிர்காலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக டேஷ்போர்டில் இந்த எழுத்தைப் போட்டால், அதற்கு யாரோ மீட்டர் கணக்கில் விலை கொடுக்கிறார்கள். மருந்துச் சீட்டு, ரயில் டிக்கெட் எண், பாஸ்வேர்டு, வண்டியின் நம்பர் பிளேட் எல்லாவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். காரின் பின்பக்கம் மாடல் பெயரை எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம், அது பின்னால் வருபவர் நிதானமாக ரசிக்கிற விஷயம்.

தமிழைச் சாய்க்கும்போது

தமிழ் அச்சில் இத்தாலிக் என்ற மரபு வளரவில்லை. அழுத்திச் சொல்ல மேற்கோள் குறி போடுவோம், இல்லை என்றால் தடித்த எழுத்து. ஆனால் இன்று பல தளங்களில் தமிழ் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கிறோம். வடிவமைப்பு ஆங்கிலத்துக்காகச் செய்தது. அங்கே இத்தாலிக் என்று இருந்த இடத்தில் தமிழ் வந்து உட்காருகிறது. எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாததால் உலாவி சீட்டுக்கட்டைத் தள்ளிவிடுகிறது.

மேலே போட்ட கணக்கைத் தமிழுக்கும் போட்டுப் பாருங்க. ட, ப, ம போன்றவற்றில் நேர்க்கோடுகள் அதிகம், அவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். மூணு சுழி ண-வையோ இ-யையோ சாய்த்தால் ஒவ்வொரு சுழியிலும் தனித்தனியாக அந்த 28 சதவீத வித்தியாசம் ஏறும். சுழியின் உள்ளே இருக்கும் சின்ன வெற்றிடமும் நசுங்கும். சின்ன சைஸில் ண எது ன எது என்று கண் தடுமாறும். சாய்ந்த வார்த்தையின் கடைசி எழுத்து, அடுத்து நிமிர்ந்து நிற்கும் அடைப்புக்குறிமேல் போய் முட்டுவதும் உண்டு.

சுழி நிறைந்த எழுத்துமுறைக்கு வேகமான வடிவம் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. சுழிகளை மூலை உருண்ட சதுரமாக மறுபடி வரைந்து, பிறகு சாய்த்து, பிறகு செதுக்கினால் வரும். சினிமாப் போஸ்டர்களிலும் சுவர் விளம்பரங்களிலும் கையால் எழுதிய கலைஞர்கள் கண்ணளவிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். பட்டனை அமுக்கினால் வராது, அவ்வளவுதான்.

தளம் நடத்துகிறவர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கு. தமிழ்ப் பகுதிகளுக்கு உலாவியின் செயற்கைச் சாய்வை சிஎஸ்எஸ்ஸில் அணைத்துவிட்டு, அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்து வருமாறு மாற்றிவிடலாம். இரண்டு வரி வேலை.

கடைக்குப் பெயர்ப்பலகையோ ஆப்புக்கு லோகோவோ செய்துகொண்டிருப்பவர்கள் டிசைனர் கொடுத்த சாய்வெழுத்தை ஏற்பதற்கு முன் பெரிதாக்கி மூன்று இடம் பாருங்க. ஓ எழுத்தின் மேல்வலது மூலையும் மேல்இடது மூலையும் ஒரே தடிமனாக இருக்கா? ஏ எழுத்தின் இரண்டு காலும் ஒரே எடையா? எஸ் எழுத்தின் முதுகு வீங்கியிருக்கா? மூன்றிலும் தேறினால் யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். தேறாவிட்டால், நீங்கள் காசு கொடுத்தது பட்டனுக்கு.